உருட்டு உருட்டு... மணிக்கட்டு பத்திரம்!

"வீடியோ கேம் மெஷினுக்கும் சித்த வைத்தியருக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்றுதானே கேட்கிறீர்கள்? இருக்கிறது.

நோயாளி வந்து உட்கார்ந்ததும் சித்த வைத்தியன் முதலில் பிடிப்பது எதை? மணிக்கட்டை! மூன்று விரல் வைத்து வாதம், பித்தம், கபம் பார்ப்பது அங்கேதான். அதோடு விடுவதில்லை. மணிக்கடை நூல் என்று எங்களுக்கு ஒரு சாஸ்திரமே உண்டு. மணிக்கட்டிலிருந்து நாலு விரற்கடை மேலே கயிற்றைச் சுற்றி அளந்து, அந்த அளவு நோயாளியின் விரலால் எத்தனை விரற்கடை என்று கணக்குப் பார்ப்போம். பாளையங்கோட்டை சித்த மருத்துவக் கல்லூரியில் படித்த காலத்தில் ஆளுக்கொரு நூல்கயிற்றைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்திருக்கிறோம். ஆக, மணிக்கட்டு எங்கள் பேட்டை. அங்கே யார் கைவைத்தாலும் நாங்கள் கேட்காமல் இருக்க முடியாது.

இப்போது அங்கே கைவைத்திருப்பது ஓர் உருண்டைப் பந்து. பெயர் டிராக்பால்.

"அதை நாங்க பார்த்ததே இல்லையே!" என்று சொல்லும் தாய்மார்கள் கொஞ்சம் யோசியுங்கள். மாசமாக இருந்தபோது ஸ்கேன் சென்டருக்குப் போனீர்களே, ஞாபகம் இருக்கிறதா? டாக்டரம்மா ஒரு கையால் வயிற்றில் கருவியை வைத்துத் தேய்க்கிறார். இன்னொரு கை மெஷினில் எதையோ உருட்டிக்கொண்டே இருக்கிறது. திரையில் ஒரு சின்ன கூட்டல் குறி நகர்ந்து போய்ப் பிள்ளையின் தலையில் இந்த ஓரத்தில் ஒரு புள்ளி, அந்த ஓரத்தில் ஒரு புள்ளி வைக்கிறது. தலை அளவு, தொடை எலும்பு அளவு எல்லாம் அப்படித்தான் எடுக்கிறார்கள். அந்த உருட்டுகிற சமாசாரம்தான் டிராக்பால். மேஜையில் தேய்க்கும் மவுஸ், நாமே நகர வேண்டிய வண்டி. டிராக்பால் நின்ற இடத்திலேயே நிற்கும். பந்து மட்டும் சுற்றும்.

கப்பலில் பிறந்த பந்து

இந்தப் பந்து பிறந்தது விளையாட்டுக்காக இல்லை. இரண்டாம் உலகப் போர் முடிந்த கையோடு, 1946ல், பிரிட்டிஷ் கடற்படைக்காக ரால்ஃப் பெஞ்சமின் என்பவர் ரேடார் திரையில் விமானங்களைக் குறி வைத்துப் பின்தொடர இப்படி ஒரு பந்தை யோசித்தார். ராணுவ ரகசியம் என்று மூடி வைத்துவிட்டார்கள். 1952ல் கனடா கடற்படையின் டேட்டார் என்ற திட்டத்தில் இதே யோசனை வேறு ஆட்களுக்கு வந்தது. அவர்கள் பந்துக்கு எங்கே போனார்கள் தெரியுமா? அந்த ஊரில் விளையாடும் பவுலிங் பந்தையே எடுத்து வைத்துவிட்டார்கள்! டக்ளஸ் எங்கல்பார்ட் குழுவின் மவுஸ் 1964ல்தான் வருகிறது. அப்படியென்றால் மவுஸுக்குப் பந்துதான் அண்ணன்.

காசு போட்டு ஆடும் ஆர்கேட் மெஷின்களில் பந்தைப் பிரபலமாக்கியது அட்டாரி கம்பெனி. 1978ல் ஃபுட்பால், 1980ல் மிஸைல் கமாண்ட், 1981ல் சென்டிபீட். மிஸைல் கமாண்டில் வானத்திலிருந்து குண்டுகள் இறங்கும். ஆறு நகரங்களைக் காப்பாற்ற வேண்டும். குறியைச் சடக்கென்று இங்கிருந்து அங்கே கொண்டுபோகப் பந்தைவிட வசதி வேறில்லை. ஃபுட்பால் மெஷினில் பையன்கள் உள்ளங்கையால் பந்தை அறைந்து அறைந்து உருட்டிக் கை கொப்புளித்துப் போன கதையை அந்தக் காலத்து ஆட்கள் இன்றும் சொல்லுவார்கள்.

மருத்துவ உலகமும் அப்போதே விழித்துக்கொண்டது. 1981ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் பத்திரிகையில் 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ் மணிக்கட்டு' என்றே ஒரு கடிதம் வந்தது. 1990ல் அதே பத்திரிகையில் நிண்டெண்டோ விளையாட்டைப் பல மணி நேரம் ஆடிய ஒரு பெண்மணியின் கட்டைவிரல் வலி வந்தது. அதற்கு 'நிண்டெண்டினைட்டிஸ்' என்று நாமகரணமும் ஆனது. இவை பொத்தான், குச்சி வைத்த ஆட்டங்கள்தான். ஆனால் கைக்கு எது என்ன? திரும்பத் திரும்ப ஒரே அசைவு என்றால் எந்த மெஷினும் ஒன்றே.

அந்த ஆட்டங்கள் மலையேறிவிட்டன என்று நினைத்தேன். இல்லை. மால்களில் இருக்கின்றன. பழைய ஆட்டங்கள் மீது இப்போது ஒரு புது ஆசை வேறு. கம்ப்யூட்டரையும் பந்தையும் வாங்கி, தச்சரை வைத்துப் பெட்டி செய்து வீட்டிலேயே மெஷின் வைத்துக்கொள்கிறார்கள். காரைக்குடி தச்சருக்குப் பெட்டி செய்யச் சொல்லியா கொடுக்க வேண்டும்?

"ஸ்பீடைக் குறைச்சுத்தானே டாக்டர் வச்சிருக்கேன்!"

அப்படி ஒரு வீட்டிலிருந்துதான் ஓர் ஆச்சி பேரனைக் கூட்டி வந்தார். ஜனவரி மாதம். பையன் பிளஸ் டூ. "டாக்டர் தம்பி, மார்ச்சுல பரீட்சை. இவனுக்குப் பேனா பிடிச்சாப் பத்து நிமிஷத்துல கை வலிக்குதாம். எழுத்து கோணிக்கிட்டுப் போகுது. படிச்சதெல்லாம் வீணாப் போயிருமோன்னு பயமா இருக்கு" என்றார்.

கையைப் பார்த்தேன். வலது மணிக்கட்டின் பின்பக்கம் தொட்டால் வலி. கையை மேல்நோக்கி மடக்கினால் முகம் சுளிக்கிறான். விரல்களில் மரத்துப்போதல் இல்லை. அடிபடவும் இல்லை. "தம்பி, என்னப்பா வேலை பார்க்குறே இந்தக் கையால?" என்றேன். பையன் ஆச்சியைப் பார்க்கிறான், ஆச்சி பையனைப் பார்க்கிறார். அப்புறம் வந்தது விஷயம். சிங்கப்பூரில் இருந்து திரும்பிய அப்பா, தான் சின்ன வயதில் ஆடிய ஆட்டத்தை மறக்க முடியாமல், வீட்டில் மெஷின் செய்து வைத்திருக்கிறார். தினமும் படிப்புக்கு நடுவே 'ரிலாக்ஸ்' செய்ய ஒரு மணி நேரம்.

சாயந்திரம் அந்த வீட்டுக்கே போனேன். முகப்பு, வளவு எல்லாம் தாண்டி, ஆத்தங்குடிக் கல் பதித்த ஒரு பக்கத்து அறையில் மெஷின் நிற்கிறது. கண்ணைப் பறிக்கிற அழகு. அப்பா சொன்னார்: "டாக்டர், நானும் கவனமாத்தான் இருக்கேன். கைக்குக் கெடுதல் வேண்டாம்னு ஸ்பீடை நாற்பது பர்சென்டாக் குறைச்சுத்தான் வச்சிருக்கேன். மெதுவாப் போனா நல்லதுதானே?"

கோளாறு அங்கேதான்! பையனை ஆடச் சொல்லி வாட்ச்சைப் பார்த்து எண்ணினேன். ஒரு நிமிடத்தில் தொண்ணூறு தடவைக்கு மேல் பந்தைத் தள்ளுகிறான். திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குப் போக ஐந்து தள்ளல். ஒவ்வொரு தள்ளலுக்கும் கையைத் தூக்க வேண்டும், பின்னால் கொண்டுவர வேண்டும், மறுபடி வைக்க வேண்டும். குறி மெதுவாகப் போனதே தவிர, கை மெதுவாகப் போகவில்லை. குறி மெதுவாகப் போவதால்தான் கை ஓடுகிறது.

உள்ளே என்ன நடக்கிறது?

இது புரிய, பந்துக்குக் கீழே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஆர்கேட் பந்து பெரும்பாலும் மூன்று அங்குலக் குறுக்களவு. இரண்டே கால் அங்குலச் சின்னதும் உண்டு, நாலரை அங்குலப் பெரியதும் உண்டு. பந்து மூன்று இடத்தில்தான் உட்கார்ந்திருக்கும். இரண்டு சின்ன உருளைகள், ஒரு பேரிங். ஓர் உருளை குறுக்குவாட்டு அசைவைப் பிடிக்கும். அதற்குச் செங்குத்தாக இருக்கும் இன்னொன்று மேல்கீழ் அசைவைப் பிடிக்கும். உருளையின் நுனியில் பல் பல்லாக வெட்டிய ஒரு சக்கரம். அதன் ஒருபக்கம் வெளிச்சம், மறுபக்கம் வெளிச்சத்தை உணரும் இரண்டு கண்கள். சக்கரம் சுற்றச் சுற்ற வெளிச்சம் மறைந்து மறைந்து வரும். எத்தனை தடவை மறைந்தது என்பது தூரம். இரண்டு கண்ணில் எது முதலில் மறைந்தது என்பது திசை. கிணற்றடியில் ராட்டினத்தின் கிறீச் சத்தத்தை எண்ணியே வாளி எவ்வளவு இறங்கியது என்று சொல்லுவார்களே, கிட்டத்தட்ட அதே புத்திசாலித்தனம்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். பந்து 76 மில்லிமீட்டர், உருளை 10 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பந்து ஒரு சுற்று சுற்றினால் உருளை 7.6 சுற்று. சக்கரத்தில் 24 வெட்டு என்றால் சுமார் 182 வெட்டுகள் கடக்கும். இரண்டு கண்களும் சேர்ந்து ஒரு வெட்டை நாலாகப் பிரித்து எண்ணினால் சுமார் 730 எண்ணிக்கை. ஒரு எண்ணிக்கைக்குத் திரையில் ஒரு புள்ளி என்பதுதான் நூறு பர்சென்ட் என்று வையுங்கள். பந்தின் சுற்றளவு 24 சென்டிமீட்டர். நம் உள்ளங்கை அலுங்காமல் ஒரு தடவை தள்ளினால் 12 சென்டிமீட்டர் போகும். அதாவது அரைச் சுற்று, 365 புள்ளி. திரை அகலம் 730 புள்ளி என்றால் இரண்டு தள்ளலில் கோடிக்குக் கோடி.

இதை நாற்பது பர்சென்டாகக் குறைத்தால்? ஒரு தள்ளலுக்கு 146 புள்ளிதான். ஐந்து தள்ளல் வேண்டும்! அந்தப் பையன் செய்தது அதைத்தான்.

"அப்படின்னா முந்நூறு பர்சென்ட் வச்சிட்டா கைக்கு வேலையே இல்லையே?" அதுவும் கூடாது. நூறில் பந்தை ஒரு மில்லிமீட்டர் அசைத்தால் குறி மூன்று புள்ளி நகரும். முந்நூறில் ஒன்பது புள்ளி தாவும். குறியைச் சரியான இடத்தில் நிறுத்த முடியாது. தாண்டிப் போகும், திரும்ப இழுக்க வேண்டும், மறுபடி தாண்டும். அப்போது கை என்ன செய்கிறது தெரியுமா? விறைத்துக்கொள்கிறது. மடக்கும் தசை, நீட்டும் தசை இரண்டும் ஒரே நேரத்தில் இறுகிக் கையைப் பிடித்து வைக்கின்றன. ஊசியில் நூல் கோக்கும்போது மூச்சைக்கூடப் பிடித்துக்கொள்கிறோமே, அந்த மாதிரி. ஊசியில் நூல் கோப்பது அரை நிமிடம். இதை ஒரு மணி நேரம் செய்தால்?

ஆக, குறைத்தால் உழைப்பு வலி, கூட்டினால் விறைப்பு வலி. நடுவில் எங்கோ உங்கள் கைக்கென்று ஓர் இடம் இருக்கிறது.

அந்த இடத்தைக் கண்டுபிடிப்பது எப்படி?

முதலில் அழுக்கு. இதைச் செய்யாமல் மெனுவில் என்ன மாற்றினாலும் பிரயோஜனமில்லை. நம் ஊர்ப் புழுக்கத்தில் கை வியர்வை, தலைக்குத் தேய்த்த தேங்காய் எண்ணெய், முறுக்கு, சீப்புச்சீடைத் தூள் எல்லாம் பந்து வழியாக உள்ளே இறங்கி, உருளையில் கறுப்பு வளையமாகப் படிந்துவிடும். பந்து திக்கும். அல்லது உருளையில் வழுக்கிக்கொண்டு, பந்து சுற்றினாலும் குறி நகராது. மெஷினை அணைத்துவிட்டு, மேல்மூடி ஸ்க்ரூவைக் கழற்றிப் பந்தை எடுங்கள். பந்தை ஈரத்துணியால் துடைத்து உலர விடுங்கள். உருளையில் உள்ள வளையத்தை நகத்தால் அல்லது பல்குத்தும் குச்சியால் சுரண்டி, ஸ்பிரிட் தொட்ட துணியால் துடையுங்கள். பந்தின் மேல் எண்ணெய் மட்டும் விடாதீர்கள். "நல்லா உருளட்டுமே" என்று தேங்காய் எண்ணெய் விட்ட புண்ணியவான்களும் உண்டு! உருளை பந்தைப் பிடித்தால்தானே சுற்றும்? துடைத்த பிறகும் உருளை கரகரவென்றால் பேரிங் தேய்ந்துவிட்டது; மாற்றத்தான் வேண்டும்.

பிறகு ஒரு சோதனை. பந்தைச் சாய்கோட்டில், மூலைக்கு மூலையாக உருட்டுங்கள். குறியும் சாய்கோட்டில் போக வேண்டும். படுக்கையாகவோ நட்டமாகவோ இழுத்தால், ஓர் உருளை சரியாகச் சுற்றவில்லை என்று அர்த்தம். அல்லது மெனுவில் குறுக்குக்கு ஒரு எண்ணும், மேல்கீழுக்கு வேறு எண்ணும் இருக்கும். இரண்டும் ஒன்றாக இருக்கட்டும்.

அந்தக் காலத்து அசல் மெஷின்களில் இந்த வேகம் பெரும்பாலும் சக்கரத்தின் பல்லிலும் விளையாட்டின் புரோகிராமிலும் அடங்கிவிடும். வீட்டில் கம்ப்யூட்டர் வைத்துச் செய்த மெஷினில் இரண்டு இடத்தில் மாற்றலாம், குழப்பமே அதனால்தான். ஒன்று, விண்டோஸின் மவுஸ் அமைப்பில் உள்ள வேகம். இன்னொன்று, விளையாட்டை ஓட்டும் மேம் போன்ற புரோகிராமுக்குள் இருக்கும் சென்சிடிவிட்டி. விண்டோஸ் வேகத்தை நட்டநடுவில் வைத்து மறந்துவிடுங்கள். அங்கேயே 'என்ஹான்ஸ் பாயின்டர் பிரிசிஷன்' என்று ஒரு டிக் இருக்கும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள், எடுத்துவிடுங்கள். அது இருந்தால் மெதுவாக உருட்டினால் ஒரு தூரம், வேகமாக உருட்டினால் வேறு தூரம். கைக்குக் கணக்குப் பிடிபடாது. பிறகு விளையாட்டுக்குள் போய் டேப் பொத்தானை அழுத்தினால் மெனு வரும். அனலாக் என்று வரும் பகுதியில் டிராக்பால் சென்சிடிவிட்டி பர்சென்டில் இருக்கும். நூறில் ஆரம்பியுங்கள்.

இப்போது கையைத் தளர்வாக வைத்து, முழங்கையை உடம்போடு ஒட்டி, ஒரே தள்ளல். திரையில் முக்கால்வாசி தூரம் போகிறதா? போகாவிட்டால் பத்துப் பத்தாக ஏற்றுங்கள். முக்கால்வாசி வந்ததும் நிறுத்தி, குறியைத் திரையில் ஒரு சின்ன எழுத்தின் மேல் நிறுத்திப் பாருங்கள். முதல் முயற்சியிலோ இரண்டாவதிலோ நிற்க வேண்டும். மூன்று தடவைக்கு மேல் தாண்டித் தாண்டிப் போனால் பத்து குறையுங்கள். அவ்வளவுதான். ஒரு நாளுக்கு மேல் ஆடிப் பார்த்துத்தான் மறுபடி தொட வேண்டும். சமையலில் உப்பு மாதிரி ஐந்து நிமிடத்துக்கு ஒரு தரம் கிள்ளிப் போட்டுக்கொண்டிருந்தால் கை எதற்கும் பழகாது.

அந்த வீட்டில் துடைத்து முடித்தபின் நூற்றைம்பதில் நின்றது. ஒன்றரைத் தள்ளலுக்கும் குறைவாகவே கோடிக்குக் கோடி. மறுபடி எண்ணினேன்: நிமிடத்துக்கு முப்பத்தைந்து. ஒரு மணி நேரத்துக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள், ஐயாயிரத்துக்கு மேல் இருந்தது இரண்டாயிரத்துச் சொச்சம் ஆகிவிட்டது.

ஒரு வேடிக்கையும் சொல்லிவிடுகிறேன். சில மெஷினில் பந்தை மிக வேகமாகச் சுழற்றினால் குறி பின்னால் ஓடும்! பேய் பிசாசு இல்லை. கண்கள் எண்ணுவதைவிட வேகமாகச் சக்கரம் சுற்றிவிடுகிறது. சினிமாவில் குதிரைவண்டிச் சக்கரம் பின்னால் சுற்றுவதுபோலத் தெரியுமே, அதே கதை. அந்த அளவுக்கு அறைந்து உருட்டுகிறீர்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

பெட்டியின் உயரம்

வேகம் பாதி, உயரம் மீதி. அந்தப் பெட்டியைத் தச்சர் அப்பாவின் உயரத்துக்குச் செய்திருந்தார். பையன் ஒரு சாண் குட்டை. அவனுக்குப் பந்து நெஞ்சுக்கு நேரே வருகிறது. எட்டி ஆடும்போது மணிக்கட்டு பின்பக்கமாக மடங்கித்தான் நிற்கும்.

இது ஏன் கெடுதல்? மணிக்கட்டில் எட்டுச் சின்ன எலும்புகள். அவற்றின் முன்பக்கம் ஒரு குறுகிய சந்து. அந்தச் சந்துக்குள் விரல்களை மடக்கும் ஒன்பது தசைநாண்களும், நடுநரம்பு ஒன்றும் நெருக்கியடித்துக்கொண்டு போகின்றன. நம்ம ஊர்க் கல்லுக்கட்டியில் தீபாவளி சமயம் போயிருக்கிறீர்களா? அந்த நெரிசல்தான். கையைப் பின்னால் மடக்க மடக்கச் சந்துக்குள் அழுத்தம் ஏறும். கையை நேராக வைத்தால் இறங்கும். பந்தின் உச்சி முழங்கை மட்டத்தில் அல்லது ஒரு விரற்கடை கீழே இருந்தால் மணிக்கட்டு தானாக நேராக நிற்கும். அந்த வீட்டில் கோலம் போட உட்காரும் மணைப்பலகையை இரண்டாக அடுக்கிப் பையனை மேலே ஏற்றினோம். ஆச்சிதான் எடுத்துக் கொடுத்தார்.

கட்டைவிரலால் உருட்டும் சின்னப் பந்துள்ள மவுஸ் வேறு வகை. அதில் சந்து தப்பித்துக்கொள்ளும், கட்டைவிரல் அடிவாங்கும். கட்டைவிரலை உள்ளே வைத்து முஷ்டி பிடித்து, கையைச் சுண்டுவிரல் பக்கம் சாய்த்துப் பாருங்கள். மணிக்கட்டின் கட்டைவிரல் பக்கம் சுரீரென்றால், 1895ல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர் டி கெர்வைன் விவரித்த தசைநாண் உறை வீக்கமாக இருக்கலாம். கைக்குழந்தையைத் தூக்கித் தூக்கி வைக்கும் தாய்மார்களுக்கும் இது வரும். அவர்கள் வீடியோ கேம் ஆடினதில்லை, பாவம்.

என்ன மருந்து?

யூகி முனிவர் வாதத்தை எண்பது என்று வகுத்தார். ஓயாத உழைப்பால் வரும் இந்த வலியை நாங்கள் வாதத்தின் கணக்கில்தான் எழுதுவோம். வாதத்துக்கு முதல் மருந்து ஓய்வும் சூடும். பையனுக்கு ஒரு வாரம் ஆட்டம் முழுக்க நிறுத்தம். நொச்சி இலையை விளக்கெண்ணெயில் வதக்கித் துணியில் முடிந்து, பொறுக்கும் சூட்டில் காலை மாலை பத்து நிமிடம் ஒத்தடம். இரவில் கற்பூராதி தைலம் மெல்லத் தடவுவது. தடவுவது என்றால் தடவுவதுதான்! சுளுக்கு வழிக்கிறேன் என்று முரட்டுத்தனமாக இழுப்பவர்களிடம் இந்தக் கையைக் கொடுத்துவிடாதீர்கள். வீங்கிய உறையை இன்னும் வீங்க வைப்பார்கள்.

எழுத்துப் பயிற்சியை நிறுத்தவில்லை. ஐந்து நிமிடம் எழுது, இரண்டு நிமிடம் கையை உதறு. இரண்டு நாளுக்கு ஒரு முறை ஐந்தைக் கூட்டு. கொஞ்சம் தடித்த பேனா. இரண்டாம் வாரத்திலிருந்து ஆட்டம் இருபது நிமிடம், உயரமும் வேகமும் மாற்றிய மெஷினில். பிப்ரவரி கடைசியில் மூன்று மணி நேர மாதிரித் தேர்வை முழுக்க எழுதிவிட்டான். "ஆட்டத்தையே நிறுத்தியிருக்கலாமே" என்பீர்கள். சொல்லலாம். வீட்டில் மெஷினை வைத்துக்கொண்டு பதினேழு வயதுப் பையனிடம் நிறுத்து என்றால் ராத்திரி எல்லோரும் தூங்கியபின் ஆடுவான், அந்தப் பழைய நாற்பது பர்சென்டில்.

நீரிழிவுக்காரர்கள் ஒத்தடச் சூட்டை மற்றவர் கையால் பார்த்துவிட்டு வையுங்கள். மரத்த கைக்குச் சூடு தெரியாது, வெந்துவிடும்.

இந்த அறிகுறிகளை விட்டுவிடாதீர்கள்

ராத்திரியில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போய் எழுந்து கையை உதறுகிறீர்களா? டம்ளர் தானாகக் கை நழுவுகிறதா? சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறதா? கட்டைவிரலின் அடிச்சதை இரண்டு கையிலும் ஒரே மாதிரி இருக்கிறதா, ஒன்று வற்றியிருக்கிறதா? இது பந்து மெஷின் வேகத்தை மாற்றிச் சரியாகிற விவகாரம் இல்லை. நடுநரம்பு நசுங்குகிறது. நீரிழிவு, தைராய்டு குறைவு, கர்ப்பகாலம் இவற்றில் இது தானாகவே வரும்; உருட்டும் வேலையும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம்.

ஸ்கேன் சென்டர் வைத்திருக்கும் ஒரு பெண் டாக்டர் இப்படித்தான் வந்தார். பல வருடமாகப் பந்து உருட்டும் கை. தைலம் கேட்டார். கட்டைவிரல் அடிச்சதை வற்றத் தொடங்கியிருந்தது. தைலம் கொடுக்கவில்லை. முதலில் நரம்பு ஓட்டப் பரிசோதனைக்கு மதுரைக்கு அனுப்பினேன். நரம்பு மோசமாக அழுத்தப்பட்டிருந்தது. சின்ன அறுவை சிகிச்சை, சந்தின் கூரையைத் திறந்துவிட்டார்கள். மரத்துப்போதல் போய்விட்டது, வற்றிய சதை முழுக்கத் திரும்பவில்லை. ஒரு வருடம் முன்பே வந்திருந்தால் திரும்பியிருக்கலாம். சித்த வைத்தியன் ஆபரேஷனுக்கு அனுப்பலாமா என்று என் நண்பர்களே கேட்டார்கள். நரம்பு செத்தபிறகு எந்த வைத்தியத்துக்கு என்ன பெருமை?

அவருடைய மெஷினிலும் பந்து வேகம் மாற்ற மெனுவில் இடம் இருந்தது. பல ஸ்கேன் மெஷின்களில் உண்டு. வாங்கிய நாளில் வைத்த இடத்திலேயே கிடக்கும். சர்வீஸ் ஆள் வரும்போது கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இருபது பிள்ளைகளின் தலையை அளக்கிற கைக்கு ஒவ்வோர் அளவிலும் இரண்டு தள்ளல் மிச்சமானால் வருடத்துக்கு எவ்வளவு மிச்சம்! அந்தப் பந்தை வாரம் ஒரு முறை கழற்றினால் ஸ்கேன் ஜெல் காய்ந்து ஒட்டியிருப்பதைப் பார்க்கலாம். நம் வீட்டில் தேங்காய் எண்ணெய், அங்கே ஜெல்.

கடைசியாக ஒன்று, தைலம் கொடுத்தனுப்பும் எல்லோரிடமும் நான் சொல்வது: தைலத்தைப் படுக்கப்போகும்போது தடவுங்கள். காலையில் கடலைமாவு போட்டுக் கையைக் கழுவித் துடைத்துவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும். இல்லாவிட்டால் கற்பூராதித் தைலம் கைக்குள் இறங்குகிறதோ இல்லையோ, உருளைக்குள் இறங்கிவிடும்.